பஸ்ரா வூட்டு மெடல்

மெடல் சேர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தப் போட்டியில் வாங்கினீர்கள் என்றுதான். ஓட்டப்பந்தயமா, கபடியா என்று என் உடம்பை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பார்கள். பட்டாளத்து மெடல் என்று விளக்கினால், அப்பா மிலிட்டரியா என்பார்கள். இல்லை. என் அப்பா கையில் எடுத்த துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கி மட்டும்தான். வீட்டுக்காரரும் மிலிட்டரி இல்லை. அவர் என்னோடு சேர்ந்து தருமபுரியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார். சண்டை என்று வந்தால் என்னோடு மட்டும்தான் போடுவார். அப்புறம் உனக்கு எதற்கு இந்த வேலை என்பது அடுத்த கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் பொழுது போகவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அது பொய்யும் இல்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கடையில் கூட்டம் இல்லாவிட்டால் ஃபிரேம்களைத் துடைப்பேன், துடைத்ததையே மறுபடி துடைப்பேன், நாற்காலியை இந்தப் பக்கம் போட்டு அந்தப் பக்கம் போட்டுப் பார்ப்பேன். பொறுக்க முடியாமல் வீட்டுக்காரர், "நீ போயி டீ சொல்லிட்டு வா" என்று துரத்துவார். அப்படி ஆடிக்கொண்டிருந்த ஒரு மதியம்தான் ஏரியூர்ப் பக்கமிருந்து ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். கிட்டப் பார்வை சோதிக்க எங்களிடம் ஓர் அட்டை உண்டு. எழுத்துகள் வரிக்கு வரி சின்னதாகிக்கொண்டே போகும். அவர் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மெடலை எடுத்தார். அதன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் திருப்பி, விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இது தெரிஞ்சாப் போதும்ங்க" என்றார்.

விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு. அவருடைய பெயர்தான். இரண்டு லென்ஸ் மாற்றிப் பார்த்தும் முகத்தைச் சுளித்தார். மூன்றாவதைப் போட்டதும் தன் பெயரைத் தானே வாய்விட்டுப் படித்துவிட்டு, "ம், இருக்கேன்" என்றார்.

அவர் கண்ணாடி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மெடலின் விளிம்பில் ஆளின் பெயரை எழுதுவார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நாணயம் சேர்க்கிறவர்கள் பலரை அறிவேன். ஒரே அச்சில் லட்சக்கணக்கில் அடித்ததை எதற்குப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே கிடையாது. மெடல் அப்படி இல்லை. முகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் விளிம்பைத் திருப்பினால் ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கிறார். அதற்கப்புறம் பழைய பாத்திரக் கடை, வெள்ளிக் கடை, சந்தை என்று எங்கே போனாலும் வட்டமாக எது கண்ணில் பட்டாலும் நான் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருமுறை கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரைத் திருப்பிப் பார்த்ததை வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வேலையில் எனக்குக் கோபம் வருகிற விஷயங்கள் நிறைய. இன்டர்நெட்டில் போலி மெடலைப் புகை போட்டுப் பழசாக்கி விற்கிறவர்கள். தாத்தாவின் மெடலைப் பின்பக்கம் பசை தடவி ஃபிரேமில் ஒட்டுகிறவர்கள். எல்லோரையும் விட, பாலீஷ் போடுகிறவர்கள். பளபளக்கிற மெடலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேய்க்கத் தேய்க்க முதலில் போவது விளிம்பில் இருக்கிற பெயர்தான். ராஜா தலை மேடாக இருப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகாது. சிப்பாயின் பெயர்தான் பவுடராகிப் பறந்துவிடும்.

முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பிய நம் ஊர்ச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மெடல் கிடைத்திருக்கிறது. ஒன்று வெள்ளி. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள். ஏனோ அவனுக்கு உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. இன்னொன்று வெண்கலம். அதில் இறக்கை விரித்து நிற்கும் ஒரு பெண், வெற்றித் தேவதையாம். இரண்டும் ஜோடி. ஆனால் ஜோடியாகக் கண்ணில் படுவது அபூர்வம். காரணம் லேசானது. வீட்டில் பணமுடை வந்தால் வெள்ளி உருகிவிடும். பிள்ளைக்கு அரைஞாண் கொடி, பெண்ணுக்குக் கொலுசு, மருமகளுக்கு மெட்டி என்று அது வேறு வேறு உடம்புக்குப் போய்விடும். வெண்கலம் ஒன்றுக்கும் உதவாது என்பதாலேயே பிழைத்துக்கிடக்கும்.

அதனால் பாப்பாரப்பட்டியில் பழைய வெள்ளி வாங்கி விற்கும் பாய் ஒருநாள் என் உள்ளங்கையில் ஒரு வெள்ளி மெடலை வைத்தபோது முதல் வேலையாக விளிம்பைத் திருப்பினேன். ராஜா தலை போட்டது எது வந்தாலும் எடுத்து வையுங்கள் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். அறுந்த கொலுசும் நசுங்கிய குங்குமச்சிமிழும் கிடந்த குவியலிலிருந்து எடுத்திருக்கிறார்.

"உருக்கப் போறதுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா. நீங்க சொன்ன குதிரைக்காரன்தானே?"

"இது எந்த ஊர்லருந்து வந்துச்சு பாய்?"

"மொத்தமா வந்ததும்மா. ஒடஞ்ச வெள்ளிக்கு ஊரு பேரெல்லாம் யாரு கேக்கறாங்க?"

மாட்டும் கொக்கி உடைந்திருந்தது. ஆனால் விளிம்பு முழுசாக இருந்தது. நம்பர், சிப்பாய் என்ற பதவி, பெயர், படைப்பிரிவு. லேசாகத் தேய்ந்திருந்தாலும் ஓர் எழுத்துகூடப் போகவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான். பிரச்சினையே அதுதான். பெயர் இருந்தது, ஊர் இல்லை. ஜோடியான வெண்கலம் எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள், பழைய புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் என்னால் சாப்பாட்டில்கூட உட்கார முடியாது. பாலக்கோட்டில் கேட்டேன், மாரண்டஹள்ளியில் கேட்டேன், கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிற முன்னாள் ராணுவத்தினர் ஒருவரையும் விடவில்லை. "அந்தாளு சண்டைக்குப் போனப்பகூட இத்தன அலஞ்சிருக்க மாட்டாரு" என்றார் வீட்டுக்காரர்.

கடைசியில் துப்புக் கொடுத்தவர் அதே ஹவில்தார்தான். கண்ணாடிக்குப் பவர் மாற்ற வந்தவர், நான் புலம்புவதைக் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்:

"எங்கூருக்கு அந்தால பஸ்ரா வூடுன்னு ஒரு வூடு இருக்குதுங்க. மொத உலகப்போருக்குப் போயி ஈராக்குல பஸ்ராவுல இருந்துட்டு வந்தவரு வூடு. அவங்க ஆடிப்பதினெட்டுக்கு சாமியோட வேலு, கத்தியெல்லாம் கூடையில வெச்சி ஆத்துக்குத் தூக்கியாந்து கழுவுவாங்க பாருங்க, அதோட ஒரு மெடலையும் வெச்சிக் கழுவுவாங்க. மத்த நாளுல அத யாரும் வெளிய எடுக்கக் கூடாது."

"எதப் போட்டுக் கழுவுவாங்க?" என்றேன்.

"புளிதான். வேற எதப் போட்டுக் கழுவறது?"

வருடாவருடம் புளி! நூறு வருடத்துக்கு மேலாகப் புளி! ஆடி பிறக்கக் காத்திருந்த நாள்களில் நான் வீட்டில் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் ஒரு சிப்பாயின் பெயர் கரைவது போலவே இருந்தது.

ஆடிப்பதினெட்டு அன்று காலையிலேயே பஸ் ஏறினேன். பென்னாகரம் தாண்டியதும் பஸ்ஸில் ஆட்களைவிட வேல்கள்தான் அதிகமாக நின்றன. மஞ்சள் துணி சுற்றிய சூலத்தை ஒருவர் என் தோள் மேல் சாய்த்துக்கொண்டு தூங்கினார். என் கைப்பைக்குள், கண்ணாடி துடைக்கிற மெத்துத் துணியில் சுற்றி, வெள்ளி மெடல் இருந்தது. நம்பரை ஒத்துப் பார்க்கத்தான் எடுத்து வந்தேன். ஒத்துப்போனால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்திருந்தேன். வெண்கலத்தை எனக்கு விலைக்குக் கொடுங்கள் என்று கேட்பது. வருடம் முழுக்க இருட்டில் கிடக்கிற பொருள்தானே, கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆசை வந்துவிட்டால் மனசு எப்படியெல்லாம் கணக்குப் போடுகிறது!

நாகமரையில் காவிரி நிறைந்து கிடந்தது. கரை முழுக்க ஜனம். ஒரு பக்கம் பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மேளம். தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று சிலர் சாமி கத்திகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ரா வூட்டுக்காரர்களைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை, கேட்ட முதல் ஆளே கையைக் காட்டினார். குடும்பத்தில் மூத்தவர் அறுபதைத் தாண்டிய விவசாயி. ஹவில்தார் பெயரைச் சொன்னதும், "வாங்கம்மா, வாங்க, மெடல் பாக்கறதுக்குன்னேவா வந்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். கூடையைத் திறந்து அவரே காட்டினார். வேல், இரண்டு கத்தி, சின்னச் சூலம், மணி. எல்லாவற்றுக்கும் மேலே வெற்றிலையில், மஞ்சளும் குங்குமமும் அப்பி, இறக்கை வைத்த பெண்.

"சாமி ஆயுதத்தோட இத ஏன் வெச்சீங்க அய்யா?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தாவோட அப்பாருங்க அவரு. சண்டைக்குப் போனவரோட ஆயுதத்தையும் கழுவணுமில்ல? துப்பாக்கியத்தான் சர்க்காரு திருப்பி வாங்கிக்கிச்சே. அவருகிட்ட மிச்சம் இருந்தது இதுதான். அதனால இதுதான் அவரோட ஆயுதம்."

மெடல் என்றால் என்ன என்று எத்தனையோ படித்திருக்கிறேன், இப்படி ஒரு விளக்கத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

விளிம்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கச் சொன்னார். பையில் எப்போதும் இருக்கும் லென்ஸை வைத்துக் கண்ணருகே பிடித்தேன். பயந்தது சரிதான். பெயரில் பாதி போய்விட்டிருந்தது, படைப்பிரிவு மொத்தமாகப் போயிருந்தது. ஆனால் நம்பர் இருந்தது. எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். என் வீட்டுக் கேஸ் கனெக்‌ஷன் நம்பர்கூட எனக்குத் தெரியாது, இது தெரியும். ஒவ்வோர் இலக்கமாக ஒத்துக்கொண்டே வந்தது. கடைசி இலக்கமும் ஒத்தபோது, என்னை அறியாமல் இடது கை பைக்குள் போய் அந்தத் துணிப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

விலைக்குக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கழுவுகிற நேரம் வந்துவிட்டது. வீட்டு மருமகள்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். பெரியவர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். வேல் அவருடைய மனைவிக்கு. கத்திகள் இரண்டு மகன்களின் மனைவிகளுக்கு. சூலம் ஒருத்திக்கு, மணி ஒருத்திக்கு, மெடல் கடைசி மருமகளுக்கு. அவர்களோடு, என் வயதைவிடச் சற்றுக் கூடுதலான ஓர் அக்காவும் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கூடை காலியாகிவிட்டது. அவர் அதை எதிர்பார்த்தவராகவும் தெரியவில்லை. மற்றவர்கள் தேய்த்து முடிக்கும்வரை சும்மா நின்றுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் கரையேறிப் பொங்கல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அடுப்புப் பக்கம் போய், விறகு தள்ளிக்கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்தேன். பெரியவரின் இறந்துபோன தம்பியின் மனைவியாம் அவர். உங்களுக்கு மட்டும் ஏன் அக்கா ஒன்றும் கொடுக்கவில்லை என்று நேராகவே கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவர் கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்.

"மின்ன ரெண்டு மெடலு இருந்துச்சுங்க. றெக்கை மெடலு, குதிர மெடலு. குதிர மெடலு வெள்ளி. நான் கட்டிக்கிட்டு வந்த மறு வருசம் எங்கூட்டுக்காரரு நெலக்கடல வித்த காசுல எனக்கு வெள்ளிக் கொலுசு எடுத்துக் குடுத்தாரு. அந்த வருசம் ஆடிக்குக் கூடையத் தொறந்தா குதிர மெடலக் காணோம்."

"உங்கள சந்தேகப்பட்டாங்களா?"

"ஒருத்தரும் என்னைத் திருடின்னு வாய் தொறந்து சொன்னது கெடயாதுங்க. எல்லாரும் என் காலப் பாத்தாங்க. அவ்ளோதான். அன்னிக்கே கழட்டிட்டேன் கொலுச. அந்த வருசத்துலேர்ந்து என் கையில ஒண்ணும் குடுக்கறதில்ல. எங்கூட்டுக்காரரு சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, உருக்கலண்ணா, உருக்கலண்ணான்னு. எத வெச்சி நம்புவாங்க?"

பொங்கல் பொங்கி வழிந்தது. அவர் துணியைப் பிடித்துப் பானையை இறக்கினார். அந்த உருக்காத மெடல் என் மடியில் கிடந்த பைக்குள் இருந்தது.

நான் எழுந்துவிட்டேன். என்னமோ சொல்லிவிட்டு, கடைகள் இருக்கிற பக்கம் வேகமாக நடந்தேன். வளையல் கடை, பொரிக் கடை, ராட்டினம். ஒரு சோடா வாங்கினேன், பாதி குடித்து வைத்துவிட்டேன். மறுபடி ஆற்றுப் பக்கம் வந்தேன். மறுபடி கடைப் பக்கம் போனேன். அந்த வெள்ளியைப் பிரிய எனக்கு மனசே இல்லை. அதை நல்லபடியாகச் சொல்லிக்கொள்ளக் காரணமும் கைவசம் இருந்தது. இவர்களிடம் கொடுத்தால் வருடாவருடம் புளியைப் போட்டுத் தேய்ப்பார்கள். வெண்கலத்தில் பாதி போன பெயர், வெள்ளியிலும் போய்விடும். அந்தச் சிப்பாயின் பெயர் இந்த உலகத்தில் முழுசாக இருப்பது என் பையில் மட்டும்தான். அதைக் காப்பாற்றத்தான் நான் வைத்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே வாதாடினேன். செத்துப்போனவர் பெயருக்காக உயிரோடு இருக்கிறவள் பெயரை விட்டுவிடுவாயா என்று உடனே இன்னொரு பக்கம் கேட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கடையில் ஆள் இருந்தது போல. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லணும்னா சொல்லிட்டு வா. சொல்ல வேணாம்னா பஸ் ஏறு. ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு எனக்குப் போன் போடாத" என்று வைத்துவிட்டார்.

அவர் மேல் வந்த ஆத்திரத்திலேயே திரும்பி நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல மனசு என்றெல்லாம் பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். இன்னும் ஒரு சோடா குடித்திருந்தால் பஸ் ஏறியிருப்பேன்.

மரத்தடியில் இலை போட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் பெரியவருக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து துணியைப் பிரித்தேன்.

"அய்யா, இது நான் பாப்பாரப்பட்டியில பழைய வெள்ளிக் கடையில வாங்கினது. உங்க வீட்டு மெடல்ல இருக்கற அதே நம்பர் இதுலயும் இருக்கு. உங்க தாத்தாவோட அப்பா பேரு முழுசா இருக்கு. இது உருகல."

பெரியவர் எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். விளிம்பை அவர் பார்க்கவில்லை. குதிரையைப் பார்த்தார். அதன் மேல் இருக்கிறவனைப் பார்த்தார். கட்டைவிரலால் குதிரையின் கழுத்தைத் தடவினார்.

"இவந்தான். சின்ன வயசுல இவனைப் பாத்து சிரிச்சதுக்கு எங்கப்பங்கிட்ட அடி வாங்கியிருக்கேன்" என்றார். அப்புறம் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார், ஆனால் முகத்தைப் பார்க்க முடியாமல் இலையைப் பார்த்தார். "உருக்கலன்னு சொன்னான். அவன் சொன்னத நான் கேக்கல."

யாரும் சாப்பிடவில்லை. அப்போது பெரியவரின் மனைவி, யாரிடமும் சொல்லாதது போல, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"உருக்கல. அப்ப வித்துருக்கும்."

எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. பெரியவர், "வாய மூடு!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. மனைவி வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். நான் கொண்டுவந்த மெடல் ஒரு பழியைத் தூக்கிவிட்டு, அதே இடத்தில் இன்னொன்றை உட்கார வைத்துவிட்டது. விளிம்பில் யாருடைய மெடல் என்று எழுதியிருக்கிறது. யார் எடுத்தார்கள் என்று எந்த மெடலிலும் எழுதமாட்டார்கள். இவ்வளவு நாள் இதையே படித்துக்கொண்டிருக்கிற எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

பெரியவர் எழுந்தார். வெள்ளி மெடலைத் தம்பி மனைவியின் முன்னால் நீட்டினார்.

"இந்தாம்மா. நீயே கழுவிட்டு வா. இனிமே வருசா வருசம் இது உன் வேலை."

அந்த அக்கா வாங்கிக்கொண்டார். ஆற்றுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். புளியை எடுத்தார். என் வாய் சும்மா இருக்குமா? "அக்கா, புளி வேண்டாம், வெறும் தண்ணி போதும், பேரு போயிடும்" என்றேன். என்னை ஏறெடுத்துப் பார்த்தார். புளியைக் கீழே போட்டுவிட்டு, வெறும் தண்ணீரில், விரலால், மெதுவாகக் கழுவினார். ராஜா பக்கம், குதிரைப் பக்கம், விளிம்பு. முந்தானையில் துடைத்தார். எங்கே இருக்கிறது அந்தப் பெயர் என்று கேட்டார். லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து லென்ஸில் விழுந்தது, துடைத்துக் கொடுத்தேன்.

மரத்தடிக்குத் திரும்பியதும் பெரியவர் கூடையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். வெண்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலையைக்கூட விரித்திருந்தார். ஜோடி சேரப்போகிறது. மெடல் சேர்க்கிறவளாக அதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு இல்லாமல் போகிறதே என்று வலி. இரண்டும் ஒன்றாக இருந்தது.

அக்கா கூடையைத் தாண்டி என்னிடம் வந்தார். மெடலை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சிக்கோங்கம்மா."

"என்னக்கா இது? உங்க வீட்டுப் பொருள். நான் குடுத்திட்டேன்."

"எங்கூட்டுப் பொருளுதான். அதான் வேணாங்கறேன்." குரலைத் தாழ்த்தவில்லை; பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் மருமகள்களுக்கும் கேட்கிற மாதிரியே பேசினார். "கூடையில வெச்சா நாளைக்கி மறுபடியும் காணாமப் போவும். எலி தூக்கிட்டுப் போனாலும் எம்பேருதான் வரும். உருக்குனேன்னாங்க, இப்ப வித்தேங்கறாங்க, அடுத்தது என்னா சொல்லுவாங்களோ. உங்க பொட்டியில இருந்தா அது எங்க இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். ஆடிக்கி ஆடி கொண்டாங்க, நானே கழுவறேன். கழுவிட்டு உங்க கையிலயே குடுத்துடறேன்."

"அதெல்லாம் வேணாம்மா, இங்க வையி" என்றார் பெரியவர். அவர் குரலில் உத்தரவு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

என் தோளில் தொங்கிய பையின் ஜிப்பை அக்காவே திறந்தார். மெத்துத் துணியில் மெடலைச் சுற்றி உள்ளே வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா? அவங்க பையில போட்டாச்சு. எங்கிட்ட இல்ல."

பெரியவர் மெல்லத் தலையை ஆட்டினார். சற்று முன்பு எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கரைக்கும் கடைக்கும் அலைந்தேனோ, அது என் பைக்குள்ளேயே இருந்தது. ஒரு மெடலை இவ்வளவு வேண்டா வெறுப்பாக நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததில்லை.